அந்த மணிவேலை கவுனைக் கிழித்தது ஹேங்கர்

ஒரு பெண் சுற்றுலாவுக்குக் கொண்டுபோன 1920களின் மணிவேலை கவுன், தங்கிய அறையில் ஹேங்கரில் தொங்கியபோது கிழிந்துபோனது. அவள் அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டு, எங்கே தவறினேன் என்று கேட்டாள். தோள்பட்டையில் பிளந்து நின்ற ஷிஃபானையும் தரையில் சிதறிக் கிடந்த மணிகளையும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே வந்த கருத்துகளையும் படித்திருப்பீர்கள். "டூருக்கு யாராவது இதைக் கொண்டுபோவாங்களா?" "நூறு வருஷத் துணியை அலமாரியில வைக்காம ஊர் சுத்தக் கொண்டுபோனா இப்படித்தான்." "எல்லாம் போட்டோ ஆசை." துணி தெரியாதவர்கள் எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். பழைய துணிகளோடே புழங்குகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள், அதுதான் வலிக்கிறது. காரணம் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். அதை ஒருவர்கூட அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: கவுனைப் பயணம் கிழிக்கவில்லை. அறையில் இருந்த ஹேங்கர் கிழித்தது.

1920களின் மணிவேலை கவுனில் அடித்துணி காற்றுக்குப் பறக்கிற சில்க் ஷிஃபான், இல்லையென்றால் ஜார்ஜெட். அதன்மேல் கழுத்திலிருந்து கீழ் விளிம்புவரை கண்ணாடி மணிகள். அப்படி ஒரு கவுன் சில கிலோ எடைகூட வரும். உடம்பில் இருக்கும்போது தோளின் வளைவும் இடுப்பும் அந்த எடையைக் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளும், அதுவும் சில மணி நேரம்தான். ஹேங்கரில் மாட்டினால் மொத்த எடையும் தோளில் உள்ள இரண்டு மெல்லிய பட்டைகளில், ஹேங்கரின் விளிம்பு அழுத்துகிற அந்த ஒரே கோட்டில், இராத்திரி முழுக்கத் தொங்கும். புதுத் துணியே அதைத் தாங்காது.

அதோடு பழைய பட்டுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. பட்டு நூலில் இருக்கும் இயற்கைப் பசையை எடுக்கும்போது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு எடை போய்விடும். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930கள் வரை பல ஆலைகள் பட்டை வெள்ளீய உப்புக் கரைசலில் தோய்த்தன. துணி கனமாக, அழகாக விழும். ஆனால் வருடங்கள் போகப்போக அந்த உப்பே இழையை அரித்துவிடும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும், உள்ளே பலம் இருக்காது. இப்படிப்பட்ட கவுனை உங்கள் வீட்டு அலமாரியில் ஹேங்கரில் மாட்டியிருந்தாலும் கிழிந்திருக்கும். வேறு ஒரு மாதத்தில், யாரும் படம் எடுக்காத ஒரு நாளில் கிழிந்திருக்கும், அவ்வளவுதான். பயணத்தின் மேல் பழி போடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அப்படியானால் மணிவேலை கவுனை எப்படிக் கொண்டுபோவது? கட்டிலில் சுத்தமான வெள்ளை விரிப்பைப் போட்டு கவுனை மல்லாக்கக் கிடத்துங்கள். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் அமிலமில்லாத டிஷ்யூ பேப்பர், மேலேயும் ஒரு அடுக்கு. மணியோடு மணி உரசக் கூடாது, மணியின் விளிம்பு ஷிஃபானில் அறுக்கவும் கூடாது. கைகளையும் தோள்பட்டையையும் உள்ளே மடித்து, கீழிருந்து மேலாகத் தளர்வாக உருட்டுங்கள். ஒரு பருத்தித் தலையணை உறைக்குள் போட்டு, கையோடு எடுத்துப்போகிற பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அறைக்குப் போனதும் உருட்டைப் பிரித்து, இழுப்பறையிலோ ஆளில்லாத கட்டிலிலோ படுத்தபடி வையுங்கள். கவுனுக்கு உள்ளே உறுதியான ஸ்லிப் ஒன்று போடுங்கள், வியர்வை அதோடு நின்றுவிடும். நாற்காலியில் உட்காரும்போது பின்பக்க மணிகள் மேல் அப்படியே அமராமல், கவுனை லேசாகத் தூக்கி ஸ்லிப் மேல் உட்காருங்கள்.

ஒரு எச்சரிக்கை. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, அந்த ஆவியில் துணியைத் தொங்கவிட்டுச் சுருக்கம் எடுக்கும் வித்தையை எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிறார்கள். சமிக்கி வைத்த 1930களின் உடைக்கு அதைச் செய்துவிடாதீர்கள். அந்தக் காலத்துச் சமிக்கிகளில் நிறைய ஜெலட்டினால் ஆனவை. ஈரமும் சூடும் சேர்ந்தால் உருகி, சுருண்டு, பக்கத்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

"சில உடைகள் பயணத்துக்கு லாயக்கில்லை" என்கிறீர்களா? ஆமாம், சில உடைகள் லாயக்கில்லை. அதை நான் மறுக்கவே மாட்டேன். எது லாயக்கில்லை என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. கீழ் மடிப்பின் உள்பக்கத் துணியை இரண்டு விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். காகிதம் மாதிரி சரசரத்தாலோ, நீளவாக்கில் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தாலோ அந்தப் பட்டு உடம்பில் போடவே கூடாதது. வீட்டுக்குள்ளும் போடக் கூடாது. செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்த பட்டன்களில் பிசுபிசுப்பும் புளித்த நெடியும் வந்தால் அவை சிதையத் தொடங்கிவிட்டன என்று பொருள். அவற்றைக் கழற்றித் தனியாக வையுங்கள், பக்கத்தில் இருக்கும் துணியையும் உலோகத்தையும் அரித்துவிடும். அது சீக்கிரம் தீப்பிடிக்கும் பொருள், பெட்டியில் போட வேண்டாம்.

இதில் எல்லாம் தேறிய உடையைப் புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். உட்காருங்கள், குனியுங்கள், மேல் பெட்டியில் சாமான் வைப்பதுபோல் இரண்டு கையையும் தூக்குங்கள், படி ஏறுங்கள். எங்காவது தையல் விட்டால் அது கெட்ட செய்தி அல்ல. பழைய பருத்தி நூல் துணிக்கு முன்னால் அறுவது நல்லது, திரும்பத் தைத்துக்கொள்ளலாம். ஆனால் பருத்தி நூலிலேயே தையுங்கள். உறுதியாக இருக்கட்டும் என்று பாலியெஸ்டர் நூல் போட்டால் அடுத்த முறை நூல் நிற்கும், துணி கிழியும். என்னிடம் சரிசெய்யக் கொண்டுவருகிறவர்கள் முதலில் சொல்வது "தெரியாம பண்ணிட்டேன்" என்பதுதான். பயம் கலந்த குரலில் சொல்வார்கள். எங்கே திட்டிவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்தை அவர்களுக்குக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வின்டேஜ், அதாவது பழைய காலத்து உடை, என்றாலே 1920களின் மணிவேலை கவுன் என்று வைத்துக்கொண்டு எல்லோரும் பேசுகிறார்கள். 1950களின் பருத்திக் கவுனைவிடப் பயணத்துக்கு ஏற்ற உடை இன்றைய கடையில் எத்தனை இருக்கிறது? கெட்டியான துணி, தாராளமாக உள்மடிப்பு விட்ட தையல், கையால் அலசலாம், அயர்ன் போடலாம். கேபர்டின் என்ற நெருக்கமாக நெய்த கம்பளித் துணி ஜாக்கெட்டை ஒரு இரவு தொங்கவிட்டால் சுருக்கம் தானாக இறங்கும், அதற்கு ஹேங்கர் நல்லதுதான், தோள் அகலமானதாக இருக்க வேண்டும். 1970களின் பாலியெஸ்டர் நிட் கசங்கவே கசங்காது, வெயிலில் மட்டும் புழுங்கும்.

1940களின் ரேயான் க்ரேப் அழகாக உருளும், எடையே இருக்காது, ஆனால் மழையில் நனையவிடாதீர்கள். க்ரேப்புக்கு நூலை அதிகமாக முறுக்கி நெய்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் முறுக்கு இறுகி, கவுன் கண் முன்னாலேயே ஏறிவிடும். ஈர ரேயானின் பலம் பாதியாகக் குறையும், அந்த நேரத்தில் பிழிந்தால் கிழியும். நனைந்துவிட்டால் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுங்கள், படுத்தபடி, பழைய அளவுக்கு மெல்ல இழுத்துவிட்டுக் காயவையுங்கள். துணியைக் குறுக்குச் சாய்வாக வெட்டி (கிராஸ் கட்) தைத்த 1930களின் கவுன் எதையும் தொங்கவிடாதீர்கள், நீண்டு, கீழ் விளிம்பு கோணலாகிவிடும். இங்கேயும் குற்றவாளி ஹேங்கர்தான்.

உள்துணி அசிடேட் என்ற செயற்கை இழையில் இருந்தால் நெயில் பாலிஷ் ரிமூவரை அதே பையில் வைக்காதீர்கள். ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் பட்ட இடத்தில் அசிடேட் கரைந்து ஓட்டை விழும். கறை என்று நினைத்துத் தேய்த்தால் ஓட்டை பெரிதாகும்.

விரிந்த ஸ்கர்ட்டுக்கு நெட் பெட்டிகோட் இல்லாமல் முடியாது, அது பெட்டி முழுவதையும் அடைத்துக்கொள்ளும் என்பது நியாயமான கவலை. பழைய நைலான் ஸ்டாக்கிங் ஒன்றை எடுத்து, பெட்டிகோட்டை இடுப்புப் பட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். அத்தனை நெட்டும் கை மொத்தத்தில் ஒரு நீளமான பொதியாக அடங்கிவிடும், பெட்டியின் ஓரத்தில் வளைத்து வைக்கலாம். போன இடத்தில் எடுத்து உதறினால் எழுந்து நிற்கும். வெல்வெட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி உருட்டுங்கள், ரோமத்தின் மேல் எந்தப் பாரமும் கூடாது. அயர்ன் வைக்காதீர்கள், பின்பக்கத்திலிருந்து ஆவி மட்டும். ஃபெல்ட் தொப்பிக்குள் காலுறைகளை அடைத்து, விளிம்பைச் சுற்றிலும் மென்மையான துணிகளால் நிரப்பி வையுங்கள். காலணி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: 1970களின் பாலியூரிதேன் (ஒரு வகை பிளாஸ்டிக்) அடிப்பாகம் உள்ள காலணியை நம்பி ஊருக்குப் போகாதீர்கள். காற்றின் ஈரத்தில் அது சிதைந்துகொண்டே இருக்கும், பெட்டியில் நன்றாகத் தெரிந்தது நடக்கும்போது துண்டுதுண்டாக உதிரும்.

உண்மையில் சுற்றுலாவில் பழைய துணிக்கு வரும் ஆபத்துகள் யாரும் பேசாதவை. தோள்பை வார் உரசுவது ஒன்று. நாள் முழுக்க ஒரே தோளில் பட்டை மேலும் கீழும் தேய்ந்தால் ரேயானில் முதலில் நிறம் போகும், பிறகு இழை போகும். கையில் பிடிக்கும் பையே போதும். சன்ஸ்கிரீன் இன்னொன்று. அவோபென்சோன் என்ற வெயில் தடுப்பு ரசாயனம் உள்ள சன்ஸ்கிரீன் துணியில் பட்டு, இரும்புச் சத்துள்ள தண்ணீரில் அலசினால் துருக்கறை போல மஞ்சள் பிடிக்கும். பதறிப்போய் ப்ளீச் ஊற்றினால் கறை இன்னும் ஏறும். பூசி, நன்றாக உலர்ந்த பிறகே உடை. வாசனைத் திரவியமும் அப்படித்தான். அக்குளில் கழற்றிக் கழுவக்கூடிய பருத்திப் பட்டைகள் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். நாடக உடைப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் துவைக்க முடியாத உடையில் நாற்றம் போக வோட்காவைத் தெளிப்பார்கள். உள்மடிப்பில் ஒரு துளி விட்டுச் சாயம் கலைகிறதா என்று பார்த்துவிட்டு, உள்பக்கமாக லேசாகத் தெளித்துக் காற்றாட விடுங்கள்.

எல்லையைத் தாண்டுகிறவர்களுக்கு ஒன்று. முதலைத் தோல் கைப்பை, ஆமை ஓட்டுச் சீப்பு, தந்தப் பட்டன், சிறுத்தை ரோமக் காலர் இவற்றுக்கு அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் பொருந்தும். பாட்டி காலத்துப் பொருள் என்று வாயால் சொன்னால் சுங்கத்தில் செல்லாது, ஒப்பந்தத்துக்கு முந்தையது என்பதற்கான சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் பறிமுதல்தான். கருத்து எழுதிய இத்தனை பேரில் யாராவது இதை எடுத்துச் சொல்லியிருந்தால் அதை ஏற்றுக்கொண்டிருப்பேன். பயணம் உண்மையிலேயே ஒரு பொருளைப் பறிக்கக்கூடிய இடம் அது. அங்கே எல்லோரும் மௌனம், ஹேங்கர் செய்த வேலைக்குப் பயணத்துக்குத் திட்டு.

"இவ்வளவு பாடு பட்டு எதுக்குப் போடணும்?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. போடாதீர்கள், உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

"அலமாரியில் வைத்தால் பத்திரம்" என்பதற்குத்தான் பதில் வேண்டும். எந்த அலமாரி பத்திரம்? பிளாஸ்டிக் உறைக்குள் வருடக்கணக்கில் ஈரம் அடைத்துக் கிடப்பதா? ஒரே மடிப்பில் கிடந்து மடிப்புக் கோட்டிலேயே பிளப்பதா? கம்பளியை அந்துப்பூச்சி அரிப்பதா? கம்பி ஹேங்கரில் தோள் துருத்திப்போவதா? வருடத்துக்கு இரண்டு தடவை எடுத்துப் போடுகிறவர் தையலைப் பார்ப்பார், பட்டனைப் பார்ப்பார், பூச்சி இருந்தால் கண்ணில் படும். போடாதவருக்கு உடை செத்த பிறகுதான் தெரியும்.

"போட்டோ ஆசை" என்று எழுதியவரிடம் ஒன்று கேட்கிறேன். பழைய காரை ஓட்டிக்கொண்டு ஒருவர் ஊர் ஊராகப் போனால் அதை ரசனை என்கிறீர்கள். வழியில் கார் நின்றால் கூடி நின்று உதவுகிறீர்கள், எந்தப் பாகம் போயிற்று என்று ஆலோசனை சொல்கிறீர்கள், வண்டியை வெளியே எடுத்ததே தப்பு என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பெண் தான் தேடிப்பிடித்த கவுனை, ஆசையாக, விடுமுறையில் போட்டுக்கொண்டால் மட்டும் அது விளம்பர வெறி ஆகிவிடுகிறது. அவள் கிழிந்ததை மறைக்காமல் படம் போட்டு, எங்கே தவறினேன் என்று கேட்டாள். கேட்டவளுக்கு நீங்கள் கொடுத்த பதில் சிரிப்பு. தெரிந்த விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் சிரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை இன்னொரு பெண் படமும் போட மாட்டாள், கேட்கவும் மாட்டாள். அந்தக் கவுனும் ஹேங்கரில்தான் தொங்கும்.

அந்தப் பெண் இதைப் படித்தால்: கவுனை இப்போதே படுத்தபடி வையுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், ஊக்கு குத்தாதீர்கள், நீங்களே இழுத்துத் தைக்காதீர்கள். தொங்கிக்கொண்டிருக்கும் மணி நூலின் முனையைத் துணியின் உள்பக்கம் கொண்டுபோய் ஒரு முடிச்சு போட்டால் மீதி மணிகள் உருவாமல் நிற்கும். உதிர்ந்தவற்றை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு காகித உறையில் போட்டு, எந்த இடத்து மணி என்று மேலே எழுதுங்கள். தோள்பட்டைக்கு அடியில் அதே நிறத்தில் சில்க் க்ரெப்லைன் என்ற மிக மெல்லிய பட்டுத் துணியைக் கொடுத்து, கிழிசலின் இரு கரையையும் அதன்மேல் படியவைத்து, ஒற்றைப் பட்டிழையால் பிடித்துத் தைக்கலாம். அடித்துணி உப்பேறிய பட்டா இல்லையா என்பதைப் பார்த்த பிறகுதான் திரும்பப் போட முடியுமா என்று சொல்ல முடியும். உள்மடிப்பைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல்.