காய்ந்த தாரில் கொட்டிய உப்பு

நேற்று இரவு பனி விழவில்லை. விழலாம் என்று வானிலை அறிக்கையில் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். இன்று காலை கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் பிளாசாவில் காரை விட்டு இறங்கினால் சப்பாத்துக்கு அடியில் நறநறவென்று உப்பு. பச்சைச் சாயம் போட்ட கல்லுப்பு. மருந்துக்குக்கூட ஐஸ் இல்லாத காய்ந்த தாரில், மரக்கறிக் கடை வாசலில் ஒரு சாக்கு அவிழ்ந்து கொட்டியதுபோல் கிடந்தது.

அம்மா காரிலிருந்து இறங்க யோசித்தார். "மோனே, உப்பைக் காலால மிதிக்கக் கூடாது." இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடமாகிறது, இன்னும் சுற்றித்தான் நடக்கிறார். ஊரில் பஸ்ஸில் ஆனையிறவைத் தாண்டும்போது உப்புக் குவியலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட மனுசி. அவரிடம் போய் 'இது சமையல் உப்பு இல்லை அம்மா' என்றேன். அது சரியான பதில் இல்லை. அதுவும் அதே சோடியம் குளோரைட்தான், சுத்திகரிக்காதது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள். நான் உப்புக்கு எதிரி இல்லை. சனவரி மாத விடியற்காலையில் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிற எவனும் உப்புக்கு எதிரியாக இருக்க முடியாது. போன வருடம் எங்கள் வீட்டுப் படியில் அம்மா சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அடுத்த நாள் ஒரு மூட்டை உப்பில் பாதியை நானே அந்தப் படியில் கொட்டினேன். அதனால் எனக்கு ஆத்திரம் உப்பின்மேல் இல்லை, காய்ந்த தரையில் கொட்டுகிற உப்பின்மேல்.

உப்பு ஐஸைச் சூடாக்கி உருக்குவதில்லை. தண்ணீரில் கரைந்து, அந்தத் தண்ணீர் உறைகிற வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது. ஈரம் இல்லாமல் உப்பு வேலை செய்யாது. அதனால்தான் புயலுக்கு முன்பே சாலையில் உப்புக் கரைசலைத் தெளிக்கிறார்கள். நெடுஞ்சாலையில் சீப்பால் இழுத்ததுபோல் நேர்நேராக வெள்ளைக் கோடுகள் பார்த்திருப்பீர்களே, அதுதான். நூற்றுக்கு 23 பங்கு உப்பு, மிச்சம் தண்ணீர். அந்த அளவில்தான் அது கடைசிவரை உறையாமல் நிற்கும், கிட்டத்தட்ட மைனஸ் 21 பாகை வரை. அது ஆய்வுகூடக் கணக்கு. தெருவில் மைனஸ் 10ஐத் தாண்டினாலே உப்பு சோம்பேறியாகிவிடும். கரைசல் முதலே தரையில் கிடந்தால் பனி தாரோடு ஒட்டிக்கொள்ளாது, வழிக்கிற லொறி வந்து சுலபமாக வழித்துக்கொண்டு போகும். காய்ந்த கல்லுப்பை ஓடுகிற லொறியிலிருந்து வீசினால் துள்ளிப்போய்த் தெருவோரக் கானுக்குள் விழும். நனைத்துப் போட்டால் விழுந்த இடத்தில் கிடக்கும். சீஸ் பண்ணுகிற அமெரிக்க மாநிலமான விஸ்கான்சினில் சீஸ் ஊறிய உப்புத்தண்ணீரைக்கூடத் தெருவுக்கு ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். எங்கட ஊறுகாய்த் தண்ணியையும் கேட்பார்களோ தெரியாது.

எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் உப்பில் பெரும் பங்கு கோட்ரிச் என்கிற ஊரிலிருந்து வருகிறது. 1866இல் எண்ணெய் தேடித் துளைத்தவர்களுக்கு அங்கே உப்புத்தான் கிடைத்தது. இன்று ஹூரன் ஏரிக்கு அடியில், ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். டைனோசர்களுக்கும் முந்திய ஏதோ ஒரு கடல் வற்றி விட்டுப்போன உப்பு. நன்னீர் ஏரிக்குக் கீழே பத்திரமாக மூடிக் கிடந்ததை வெட்டி மேலே எடுத்து, தெருவில் கொட்டி, கடைசியில் நன்னீருக்குள்ளேயே விடுகிறோம். கனடா முழுவதும் வருடத்துக்கு 50 இலட்சம் தொன் அளவில்.

தெருவில் போட்ட உப்பு எங்கும் தொலைந்துபோவதில்லை. உருகின தண்ணீரோடு கானுக்குள் இறங்கி ஹைலண்ட் ஓடைக்குப் போகிறது. மண்ணுக்குள் இறங்கியது நிலத்தடி நீரில் கிடந்து கோடையிலும் கசிகிறது. நன்னீர் உயிர்கள் நெடுங்காலம் தாங்குவதற்குக் கனடாவில் வைத்திருக்கிற வரம்பு ஒரு லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட். பனிக்காலத்தில் நகரத்து ஓடைகள் அதைப் பல மடங்கு தாண்டுகின்றன. உப்புத் தின்றவன் தண்ணி குடிப்பான் என்பார்கள். இங்கே தின்றது தெரு, குடிப்பது மீன்.

இரும்பின் கதை வேறு. போன மாதம் என் காரைத் தூக்கி வைத்து, தெரிந்த மெக்கானிக் தம்பி ஒரு ஸ்குரூ டிரைவரால் கதவுக்குக் கீழ்ப் பட்டியை மெல்லத் தட்டினான். தட்டியது உள்ளே போய்விட்டது. "அண்ணை, இது தகரம் இல்ல, அப்பளம்" என்றான். பிரேக் குழாயும் அதே கோலம். கார் போனால் இன்னொன்று வாங்கலாம். ஒன்ராறியோவின் எலியட் லேக் நகரில் 2012 யூன் 23இல் ஒரு வணிக வளாகத்தின் கூரை இடிந்து இரண்டு பெண்கள் செத்தார்கள். கூரையில்தான் கார்கள் நிற்பது. பனிக்கால உப்போடு சேர்ந்த தண்ணீர் முப்பது வருடமாக ஒழுகி ஒழுகி உள்ளிருந்த இரும்பு இணைப்பைத் தின்றிருந்தது.

இவ்வளவும் அரசாங்கத்துக்குத் தெரியாததா? 2001இலேயே ரோட்டு உப்பு சுற்றுச்சூழலுக்கு நஞ்சு என்று மத்திய அரசின் மதிப்பீடு சொல்லிவிட்டது. 2004இல் ஒரு நடைமுறைக் கோவையும் வந்தது. அது வருடத்துக்கு 500 தொன்னுக்குமேல் போடுகிற சாலை நிர்வாகங்களைக் குறிவைத்தது, அதுவும் கட்டாயம் இல்லை. பிளாசா, கோயில், கல்யாண மண்டபம், கொண்டோ இவற்றின் வாகனத் தரிப்பிடங்களை அது தொடவே இல்லை. இன்று காலை நான் மிதித்தது அந்த உப்பைத்தான்.

அந்த வேலை செய்கிற ஒருவரை எனக்குத் தெரியும். பகலில் தொழிற்சாலை, பனிக்கால இரவுகளில் ஒப்பந்தக்காரர் ஒருவரின் உப்பு லொறி. ஏன் அண்ணை காய்ந்த நிலத்தில் இப்பிடிக் கொட்டுறீங்கள் என்று ஒருநாள் கேட்டேன். தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆராவது விழுந்தால் என்ர முதலாளிக்கு வழக்கு. உப்புக் கூடிப்போச்செண்டு ஆரும் வழக்குப் போடமாட்டினம்."

அவருடைய போனில் நூற்றுக்கணக்கான படங்கள். எந்தத் தரிப்பிடம், எத்தனை மணி, உப்புத் தெரிகிற மாதிரி. வழக்கு வந்தால் காட்டுவதற்கு. தாரில் உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் அவருடைய அளவுகோல். ஐஸ் உருகியதா என்பது இரண்டாம் பட்சம். போதாததற்குச் சில ஒப்பந்தங்களில் எத்தனை தரம் போட்டாயோ அத்தனை தரம் காசு.

நம்மவர்களின் பத்திரிகையைப் புரட்டிப் பாருங்கள். 'பனியில் வழுக்கி விழுந்தீர்களா?' என்கிற விளம்பரம் இல்லாமல் ஒரு குளிர்காலம் போகாது. உண்மையில் அடிபட்டவனுக்கு அது வேண்டும், நான் மறுக்கவில்லை. 2021 முதல் ஒன்ராறியோவில் பனியில் விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் மாற்றினார்கள். உப்புப் போடுகிறவனின் பயம் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் 2013 முதல் வேறு வழி. பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கி, சொன்ன அளவில் போட்டுக் கணக்கு வைத்திருந்தால், வழுக்கி விழுந்த வழக்கிலிருந்து சட்டம் அவனைக் காக்கும். இங்கேயும் அது வந்தால் அந்த அண்ணை பாதி உப்போடு வீட்டுக்குப் போவார்.

கார் ஓட்டுகிற நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் இல்லை. எங்களுக்கோ யூலை மாத வேகத்தில் பெப்ரவரியிலும் போக வேண்டும், தெரு கறுப்பாக இருக்க வேண்டும். ரயருக்குக் காசில்லை என்று சொல்கிறவன் துருவுக்கு எவ்வளவு அழுதான் என்று கணக்குப் பார்க்கிறதில்லை. அந்த ஆள் நான்தான், இந்த வருடம் வரை.

வீட்டில் இப்போது ஒரு கோப்பிக் கோப்பை வைத்திருக்கிறேன். அந்தக் கோப்பை நிறைய உப்பு, இரண்டு கார் நிற்கிற டிரைவ்வேக்கு அது போதும் என்பது கணக்கு. முதலில் வடிவாக வழித்துவிட்டு, கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுத் தூவினால் உண்மையிலேயே போதுகிறது. படிக்கு மட்டும் தனியாக ஒரு பிடி.

நான் வேலைக்கு வெளிக்கிட்ட பிறகு மனைவி இன்னும் இரண்டு கோப்பை போடுகிறாள் என்று கராஜில் மூட்டை இளைக்கிற வேகத்தில் தெரிகிறது. கேட்டால், மாமியின் கையைப் பார் என்கிறாள். அம்மாவோ அந்தப் படியில் உப்பு விழாத ஓரமாகப் பார்த்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்.