வெடித்த காம்பில் தேன் தடவலாமா? கூடாது

“பால் கொடுத்து முலைக்காம்பு வெடித்துவிட்டதா? தேன் தடவுங்கள், குழந்தைக்கும் நல்லது” என்ற குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். தேனில் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். 1 வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். தசைகள் தளர்ந்து மூச்சே திணறலாம்.

வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம், குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதுதான். அது வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியும் உள்ளே போகும்படி, மோவாய் மார்பில் பதிய அணைத்துக் கொடுங்கள். வலித்தால் வெடுக்கென்று இழுக்காமல், வாயோரம் சுத்தமான சுண்டுவிரலை நுழைத்து விடுவித்து, மறுபடி கவ்வ வையுங்கள். குடித்து முடித்ததும் சில சொட்டுத் தாய்ப்பாலையே தடவிக் காற்றாட விடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டிய வலியல்ல இது. காய்ச்சலோ மார்பில் சிவந்த கட்டியோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பால் கொடுப்பதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.