சட்டிக்குள்ள வாலோட படுக்கிற மீன்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டு விருந்தில் வஞ்சிரம் வறுவல். உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு, நடுவில் ஒற்றை எலும்பு, முள் தொந்தரவே கிடையாது. "இதுல்ல மீனு" என்று எல்லாரும் தட்டை வழித்தார்கள். நானும்தான் வழித்தேன். ஆனாலும் என்னைக் கேட்டால், மீன் என்றால் தலையும் வாலுமாக முழுசாகச் சட்டிக்குள் படுக்க வேண்டும். அரிவாள்மனையில் வைத்துத் துண்டு போடும் அளவுக்கு வளர்ந்துவிட்ட மீனோடு எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் வளர்ந்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

இதை வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். "அப்ப எந்த மீனுதான்யா ஒனக்கு ஒசத்தி?" என்றார் ஒருவர். சட்டென்று பதில் வரவில்லை. பிடிக்க ஒரு மீன், தின்ன ஒரு மீன், சும்மா பார்த்துக்கொண்டே இருக்க வேறொரு மீன். மூன்றுக்கும் ஒரே மீனைச் சொல்கிறவர் தூண்டில் போட்டவராக இருக்க மாட்டார்.

பிடிக்க என்றால் பொடிக்கெண்டை. சிரிக்காதீர்கள். விராலுக்குத் தவளைக்குஞ்சு மாட்டி விடியவிடிய உட்காருகிற வீரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஆளைத் தோற்கடிப்பது விரல் நீளக் கெண்டைதான். அதன் வாய் அத்தனை சிறிசு. மண்புழுவை முழுங்காது, நுனியிலிருந்து கொறிக்கும். தக்கை நடுங்கும், நிற்கும், மறுபடி நடுங்கும். அவசரப்பட்டு வெட்டி இழுத்தால் வெறும் தூண்டில் முள்தான் மேலே வரும், இரை காலி. சித்தப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே தக்கையைப் படிக்கிறதுதான். "நடுங்குனா கெண்டைடா. ஒரே முழுங்கா உள்ள போச்சுன்னா கெளுத்தி. படுத்துக்கிட்டே பக்கமாப் போச்சுன்னா நண்டு, விட்டுரு." கெளுத்தியைக் கழற்றும்போது பக்கத்து முள் கையில் ஏறினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். போதாததற்கு அது 'கர் கர்' என்று சத்தம் வேறு போடும். அந்தச் சத்தம் தொண்டையிலிருந்து வருவதில்லை, செட்டை முள்ளைப் பொருத்தில் உரசுவதால் வருவது. சின்ன வயதில் அது என்னைத்தான் திட்டுகிறது என்று நினைத்திருக்கிறேன்.

தின்பதற்கு வருவோம். மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரிந்தேதான் எழுதுகிறேன். அயிரை என் முதல் மீன் இல்லை. அதற்குச் சங்க காலத்திலிருந்தே மவுசு உண்டு. பறக்க மாட்டாத கிழட்டு நாரை ஒன்று தொண்டித் துறை அயிரைக்கு எட்டி எட்டிப் பார்க்கிற பாட்டு இருக்கிறது. இன்றைக்குக் கிலோ ஆயிரத்தைத் தாண்டி விற்கிறது, நாரை நிலைமைதான் நமக்கும். உயிரோடு வாங்கி, வயிற்று மண்ணைக் கக்கட்டும் என்று பாலில் விட்டு, அப்புறம் மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி, நுரை அடங்கும் வரை தண்ணீர் மாற்றி, கொதிக்கிற புளிக்குழம்பில் அப்படியே கொட்டுவார்கள். அந்தக் குழம்பைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் ருசியில் பாதி அப்பத்தாவின் மசாலாவுக்குச் சேரவேண்டியது.

மீனின் ருசி மட்டும் தெரிய வேண்டுமென்றால் உளுவை. மணல்தரையில் அசையாமல் கிடக்கும், மண் நிறம், தட்டைத் தலை, ஏதோ கோபித்துக்கொண்டு உட்கார்ந்த முகம். சந்தையில் குவியலுக்குள் கலந்து கிடக்கும், தனியாக யாரும் கேட்பதில்லை. அதனால் மலிவு. சாம்பல் தொட்டுச் செதில் உரசி, குடலெடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் மட்டும் தடவி, கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் போடுங்கள். திருப்பிப் போடும்போதே வெள்ளைச் சதை இதழ் இதழாகப் பிரியும். நடுமுள்ளைப் பிடித்து இழுத்தால் முழுசாகக் கையோடு வந்துவிடும். பொடிக்கெண்டை மாதிரி நாக்கால் முள் பொறுக்குகிற வேலை இல்லை. கெண்டைக்குக் குறுக்கே நெருக்கமாகக் கீறி, மொறுமொறுவென்று வறுத்து, முள்ளோடு மென்றுவிட வேண்டும். அது வேறு சுகம்.

இனி ஜிலேபி, அதாவது திலாப்பியா. பாதிப் பேர் இந்த மீனை நாட்டு மீன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாலையோரம் 'நாட்டுக் கண்மாய் மீன்' என்று பலகை வைத்து விற்கிற இடத்தில் எட்டிப் பார்த்தால் முக்கால்வாசி இதுதான். ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைக்கு மலிவாகப் புரதம் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டைக்கு வந்துவிடும். முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். ஆபத்து என்றால் குஞ்சுகள் கூட்டமாக அம்மா வாய்க்குள் ஓடிப் பதுங்குவதைப் பார்த்தால் கோபம்கூடக் கொஞ்சம் இறங்கும். ஆனால் கோடையில் கண்மாய் வற்றும்போது தரையைப் பாருங்கள்: ஆப்பச்சட்டி ஆப்பச்சட்டியாக வட்டக் குழிகள், ஆண் மீன் தோண்டிய கூடுகள், ஒன்றை ஒட்டி ஒன்று. மற்ற மீன் முட்டையிட இடமெங்கே? கூட்டம் பெருகப் பெருக அதுவும் வளராமல் கையளவிலேயே நின்றுவிடுகிறது. மீன்பிடித் திருவிழாவில் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தா என்ற அடியில்லாத கூடையோடும் கச்சா வலையோடும் இறங்குமே, இப்போது ஊத்தாவுக்குள் கைவிட்டுத் துழாவினால் பெரும்பாலும் தட்டுப்படுவது இதன் முதுகு முள்தான். தின்ன மோசமில்லை. ஒரு கண்மாய் முழுக்க அதுவே இருந்தால்தான் எனக்குத் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

பார்த்துக்கொண்டே இருக்க? அழகு என்றால் தாமிரபரணியில் பார்த்த ஒரு கெண்டை. படித்துறையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது காலைச் சுற்றி வந்தது. உடம்பில் கறுப்புத் திட்டுகள், ஆணுக்கு முதுகுச் செட்டையிலிருந்து நூல் நூலாக இழை தொங்கும். மீன் ஆய்வாளர் ஈ.ஜி. சைலஸ் 1950-களில் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது ஆற்றின் பெயரையே சேர்த்துவிட்டார். வேறெந்த ஆற்று மீனுக்கும் நான் இப்படிப் பொறாமைப்பட்டதில்லை. எங்கள் வைகைக்கு அப்படி ஒன்று வாய்த்திருக்கக் கூடாதா?

ஆனால் அழகே இல்லாமல் அசர வைப்பது பனையேறிக் கெண்டை. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது, அதை வைத்து நேரடியாகக் காற்றை மூச்சுவிடும். குட்டை வற்றினால் ஈரச் சேற்றுக்குள் கிடக்கும். புதுத்தண்ணீர் வந்து மடை திறந்தால் முள்முள்ளான செவுள்மூடியை ஊன்றி ஊன்றித் தரையில் நடக்கும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டென்மார்க் அதிகாரி, 1791-ல் ஒன்று பனைமரத்தில் ஏறுவதையே பார்த்ததாக எழுதினார்; 1797-ல் லண்டன் லின்னேயச் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாகி, அப்புறம் அது நிஜமா பொய்யா என்று ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்டார்கள். மரம் ஏறியதோ இல்லையோ, எங்கள் வீட்டு வாசற்படியை ஏறியது எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு லீவில் ஆறு பனையேறியைப் பிடித்து, மூடாத வாளியில் விட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். விடியக்காலையில் வாசல் தெளிக்க வந்த அப்பத்தா போட்ட கூச்சலில் தெருவே எழுந்துவிட்டது. வாளியில் இரண்டு. துவைகல் அடியில் ஒன்று. படிமேல் ஒன்று, மண் அப்பிக்கொண்டு உயிரோடு. மற்ற இரண்டும் இன்றுவரை கணக்கில் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பிடித்த பனையேறியை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த மீனுக்குத் தண்ணீரில் கையை விடாதீர்கள். வழுக்கி உள்ளே போனால் முள் விரித்துக்கொள்ளும், திரும்பி வராது. அப்படி உயிர் போன செய்திகள் நம் ஊரிலேயே வந்திருக்கின்றன.

போன மாதம் ஊருக்குப் போனபோது சித்தப்பாவோடு கண்மாயின் உபரித் தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கம் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரத்தில் பதினொரு ஜிலேபி. கிளம்பப் போகும்போது தக்கை மெதுவாக உள்ளே இறங்கியது. இழுத்தால் ஒரு சாண் உளுவை. ஜிலேபி எல்லாம் அக்கம்பக்கத்துக்குப் போயிற்று. உளுவையைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடாமல் கொல்லைப்புறத்தில் உரசிக் கழுவிக் கொண்டுவந்தேன். கல்லில் போட்டு இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, சித்தப்பா தட்டோடு அடுப்படியில் வந்து நின்றார். வால் பக்கம் அவருக்குப் போனது.