நோய் கண்டு மீண்ட கோழியைத் தாய்க்கோழியாக வைக்கலாமா?

"சளி பிடித்துப் பிழைத்த கோழிக்கு எதிர்ப்பு சக்தி அதிகம், அதையே இனவிருத்திக்கு வையுங்கள்" என்ற தகவல் பரவுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

கோழிகளுக்குச் சளியாகத் தெரியும் நாள்பட்ட சுவாச நோய்க்குக் காரணம் மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமி. மூக்கொழுகலும் கண்வீக்கமும் வடிந்து, இறகு பளபளத்து, பார்க்க அழகாகத் தேறிய பிறகும் அது உடலில் தங்கிவிடும். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் அறிகுறிதான் அடங்கும், கிருமி முழுதாக ஒழியாது. மிகக் கொடுமையானது, அது முட்டை வழியே குஞ்சுக்கும் போகும். அடைவைத்த முட்டையிலேயே நோயை அடைவைத்தது போல.

நோய் வந்து பெற்ற எதிர்ப்பு சக்தி பரம்பரையாக இறங்குவதில்லை. மஞ்சள் கரு வழியே தாய் தரும் எதிர்ப்பொருள்கள் சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

அப்படியானால், கூட்டத்தில் நோய் வந்தபோதும் அறிகுறி காட்டாத கோழி நல்லதுதானே என்று கேட்கலாம். அதுவும் கிருமியைச் சுமக்கலாம்; பரிசோதிக்காமல் நம்ப வேண்டாம். நோயே வராத கூட்டத்திலிருந்து, தெளிந்த கண், உலர்ந்த மூக்குத்துளை, நேரான மார்பெலும்பு உள்ளதாகப் பாருங்கள். இரவில் கூண்டருகே நின்று மூச்சைக் கேளுங்கள். பகல் சத்தத்தில் மறையும் கரகரப்பு அப்போது தெளிவாகக் கேட்கும். நிறமும் கொண்டையும் அதற்குப் பிறகுதான்.