ஹார்பர் வாரியத்தில் ஊருக்கு ஒரு நாற்காலி

தூத்துக்குடி ஹார்பர் செய்யும் சமூகப் பணிகள் பற்றிச் செய்தி வந்தால் நாம் பாராட்டுவோம், அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். பள்ளிக்கூடத்துக்கு உதவி, குடிநீர், மருத்துவம் என்றால் யார் வேண்டாம் என்பார்? எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பணம் எங்கே போக வேண்டும், ஹார்பர் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில் ஊர்க்காரர் யார் இருக்கிறார் என்பதை நாம் கேட்பதே இல்லை.

சட்டத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். 1974 ஜூலையில் பெருந்துறைமுகம் ஆனதிலிருந்து நம் ஹார்பர் மத்திய அரசின் கீழ் இருக்கிறது. அப்போது இருந்தது 1963-ஆம் ஆண்டுச் சட்டம். போர்ட் டிரஸ்ட் என்று சொல்வோமே, அந்தக் காலம். அந்தச் சட்டத்தில் தொழிலாளர், கப்பல் உரிமையாளர், சரக்கு அனுப்புவோர் ஆகியோரோடு பாய்மரக் கலம் வைத்திருப்போரையும் ஹார்பரை நடத்தும் வாரியத்தில் பெயர் சொல்லியே சேர்த்திருந்தார்கள். தோணிக்காரர்கள் நிறைந்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றும் பழைய ஹார்பரிலிருந்து மாலத்தீவுக்குத் தோணி போகிறது.

2021-இல் புதிய சட்டம் வந்தது. வாரியம் சிறியதானது. தலைவர், துணைத் தலைவர், மாநில அரசு, ரயில்வே, பாதுகாப்புத் துறை, சுங்கத் துறை ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவர், மத்திய அரசு நியமிக்கும் ஓர் அதிகாரி, இரண்டு முதல் நான்கு சுயேச்சை உறுப்பினர்கள், ஊழியர் தரப்பில் இரண்டு பேர். அவ்வளவுதான். தோணிக்காரருக்கு என்று தனியாக இடம் இல்லை. மீனவருக்கு முன்பும் பெயர் சொல்லி இடம் தரவில்லை, இப்போதும் இல்லை. மாநகராட்சிக்கும் இல்லை. சிறிய வாரியம் என்றால் முடிவுகள் வேகமாக வரும் என்கிறார்கள். சரி, வேகம் வேண்டும்தான். ஆனால் மாநில அரசின் பிரதிநிதி அரசின் நிலையைத்தான் சொல்வார். நம் ஊர் மீனவர் பகுதியான திரேஸ்புரத்து நாட்டுப்படகுக்காரரின் கஷ்டத்தை அங்கே யார் சொல்வார்?

சமூகப் பணிக்கு வருவோம். புதிய சட்டம் கல்வி, மருத்துவம், வீட்டுவசதி, தொழிற்பயிற்சி போன்றவற்றுக்கு வாரியம் தன் நிதியைச் செலவிடலாம் என்கிறது. 2023-இல் கப்பல் துறை அமைச்சகம் அதற்கு வழிகாட்டுதல் கொடுத்தது. ஆண்டு நிகர லாபம் 100 கோடிக்குள் இருந்தால் அதில் 3 முதல் 5 சதவீதம், 100 முதல் 500 கோடி வரை என்றால் 2 முதல் 3 சதவீதம், அதற்கு மேல் போனால் அரை முதல் 2 சதவீதம். நல்ல பணம் இது. இதைத் திட்டமிடும் குழுவுக்குத் தலைவர் யார்? துறைமுகத்தின் துணைத் தலைவர். கூட இரண்டு உறுப்பினர்கள். ஊருக்காகச் செலவழிக்கும் பணம், ஊரில் யாரையும் அந்தக் குழுவில் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊர் எது கேட்கிறது என்று கேட்காமல் கொடுத்தால், எவ்வளவு நல்ல மனத்தோடு கொடுத்தாலும் அது தானமாகத்தான் நிற்கும். ஹார்பரோ பொதுச் சொத்து. அதன் வருமானத்தில் கேட்டுப் பெறும் உரிமை இந்த ஊருக்கு உண்டு.

இதை இப்போது எழுதக் காரணம், இப்போதுள்ள ஹார்பருக்கு வெளியே கடலுக்குள் திட்டமிட்டிருக்கும் வெளித்துறைமுகம். 2024 பிப்ரவரி 28 அன்று அதன் சரக்குப் பெட்டக முனையத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். வேலைவாய்ப்பு வரும் என்று நானும் நம்புகிறேன், வரவும் வேண்டும். ஆனால் பக்கத்திலேயே வான் தீவும் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளும் இருக்கின்றன. கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் நீண்டால் படகு போகிற வழி மாறும், வலை விடுகிற இடம் சுருங்கும். பெரிய திட்டம் என்றால் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு நாள் நடக்கும். அதன் பிறகு வருஷக்கணக்கில் நடக்கிற வேலைக்கு, மண் அள்ளுவதற்கு, நிலக்கரித் தூசிக்கு, கன்டெய்னர் லாரி நெரிசலுக்கு யாரிடம் போய்ப் பேசுவது?

அமெரிக்காவில் சியாட்டில் துறைமுகத்தை நடத்தும் ஆணையர்களை 1911-லிருந்து அந்த வட்டாரத்து மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேச நேரம் ஒதுக்குகிறார்கள். நம்மால் அந்த அளவுக்குப் போக முடியாவிட்டாலும், சுயேச்சை உறுப்பினர் இடங்களில் ஒன்றை மீனவர் தரப்புக்கும், சமூகப் பணிக் குழுவில் ஒரு நாற்காலியை மாநகராட்சிக்கும் தர முடியாதா? வருஷத்துக்கு ஒரு முறை ஊர் நடுவில் கூட்டம் போட்டு, வரவு செலவைத் தமிழில் வாசிக்க முடியாதா? 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியை 25 ரூபாய்ப் பங்குகளாக மக்களிடம் கொண்டுபோனார். 2011-இல் இந்த ஹார்பருக்கு அவர் பெயரை வைத்தோம்.

இந்தக் கோரிக்கையை நம் எம்.பி.யிடமும் அமைச்சகத்திடமும் வைக்க வேண்டும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, கடந்த மூன்று வருஷத்தில் எந்தப் பணிக்கு எவ்வளவு செலவானது, எந்த ஊரில் நடந்தது, யார் பரிந்துரைத்தது என்று கேளுங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்தவர்கள் இங்கே கமென்டில் போடுங்கள், சேர்த்து வைத்துப் பார்ப்போம்.