கருத்தடை மாத்திரையும் ஏழு தூய நாள்களும்

"முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு இடையிடையே இலேசாக இரத்தம் படும், பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லித்தான் மருத்துவர்கள் கருத்தடை மாத்திரையை எழுதிக்கொடுக்கிறார்கள். மருத்துவக் கணக்கில் அது சரிதான். ஆனால் மரபு வழுவாத யூதத் தம்பதியருக்கு அந்த மாதங்களின் பெரும்பகுதி ஒருவரையொருவர் தொடாமல் கழிக்க வேண்டிய காலமாகிவிடக்கூடும். மருந்து எழுதுபவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

யூத வேதத்தின் ஒரு நூலான லேவியராகமத்தின் 15ஆம் அதிகாரம் மாதவிலக்கான பெண்ணுக்கு ஏழு நாள் விலக்கு விதிக்கிறது. கடுகளவு இரத்தம் கண்டாலும் ஏழு தூய நாள்கள் காத்திருக்கும் கடுமையைப் பெண்களே ஏற்றுக்கொண்டதாகத் யூதச் சட்டவிவாதத் தொகுப்பான தால்மூத்தில் ரப்பி (யூதச் சமய அறிஞர்) ஸேரா சொல்கிறார். ஐரோப்பிய வழிவந்த யூதர்களான அஷ்கெனாஸிகளின் இன்றைய வழக்கப்படி குறைந்தது ஐந்து நாள் கழித்து, உதிரம் நின்றதை உறுதிசெய்து, மேலும் ஏழு நாள் எண்ணி, இரவில் மிக்வே என்னும் சடங்குக் குளத்து நீரில் மூழ்கி எழுந்த பிறகே கணவனும் மனைவியும் நெருங்கலாம். (சமைக்கவோ வழிபடவோ தடையில்லை, நம் ஊர்த் தீட்டோடு இதை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.)

அந்த ஏழு நாள்களில் சிறிய வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி உள்ளே சோதித்து, பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார்கள். வெண்மையும் வெளிர்மஞ்சளும் பாதகமில்லை. சிவப்பென்றால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பழுப்பில் ஐயம் எழுந்தால் துணியை உறையிலிட்டு ரப்பியிடம் காட்டுவதுண்டு. ஆறாம் நாள் ஒரு சொட்டுச் சிவப்பு தென்பட்டால் என்னவாகும் என்று எண்ணிப்பாருங்கள். மாத்திரையிலுள்ள புரோஜெஸ்டின் என்னும் ஹார்மோன் கருப்பையின் உட்சுவரை மெலியச் செய்வதால் அங்குள்ள நுண்குழாய்கள் எளிதில் கசிகின்றன. மாத்திரையை நேரம் தவறிப் போட்டால் கசிவு கூடும். பாலூட்டும் தாய்மாருக்குத் தரும் புரோஜெஸ்டின் மட்டுமுள்ள மாத்திரையிலும், கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனத்தின் முதல் மாதங்களிலும் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

ஆணுறை போன்ற தடுப்புகளை யூதச் சட்டம் எளிதில் ஏற்பதில்லை. அதனால்தான் பலர் மாத்திரையை நாடுகிறார்கள். ஒரு சிக்கலுக்குத் தீர்வாக வந்ததே இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது.

இருந்தும் அந்தச் சட்டம் வெளியார் நினைக்குமளவு இறுக்கமானதன்று. உடலில் உணர்வேதுமின்றி ஆடையில் மட்டும் காணப்படும் கறை, வேதத்தின் விலக்கில் சேராது, ரப்பிகள் விதித்த விலக்கில்தான் அடங்கும். ஆகவே சலுகைகள் பல. சுமார் 19 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த கறையும் நிறத்துணியில் பட்ட கறையும் பொதுவாகக் கணக்கில் வருவதில்லை. மாத்திரை தொடங்கும் பெண்ணிடம் நிற உள்ளாடை அணியும்படி ரப்பிகளே சொல்வார்கள். கசிவு தொடர்ந்தால், தூய நாள்களில் செய்யும் சோதனைகளை முதல் நாளும் ஏழாம் நாளும் என்ற அளவுக்குக் குறைக்கவும் இடமுண்டு.

கேட்டால்தானே இதெல்லாம் கிடைக்கும்? உள்ளாடைக் கறையைப் பற்றி ஓர் ஆணிடம் போய்ப் பேசக் கூசி, தானாகவே விலக்கு என்று முடிவுகட்டி வாரக்கணக்கில் ஒதுங்கியிருக்கும் பெண்கள் உண்டு. ஜெருசலேமில் பெண்கள் சமயநூல் பயிலும் நிஷ்மத் கல்விக்கூடத்தில் அதன் நிறுவனர் ஹானா ஹென்கின் இதற்கென்றே பெண்களுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். அங்கு பயின்ற முதல் பெண் ஆலோசகர்கள் 1999இல் வெளிவந்தார்கள். கறையைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசக்கூடியவர்கள் இவர்கள். சட்டத்தில் ஓரெழுத்தும் மாறாமல் நடந்த பெரிய சீர்திருத்தமாகவே இதை நான் பார்க்கிறேன்.

மருத்துவர்கள் மீதுதான் எனக்குக் குறை. திருமண நாளில் விலக்கு நேராதிருக்க மாத்திரை கேட்டு வரும் மணப்பெண்ணுக்கு, ஒரு மாதமே இருக்கையில் புதிதாகத் தொடங்கிவைத்தால், கசிவு சரியாக மணநாளில் வந்து நிற்கும் வாய்ப்பு அதிகம். அவ்வாறு நேர்ந்தால் அவள் மிக்வேக்குப் போகும்வரை மணமக்களைத் தனியே இருக்க விடமாட்டார்கள். சில மாதம் முன்பே தொடங்கவும், கசிவு நிற்காவிட்டால் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சற்றுக் கூடிய மாத்திரைக்கு மாற்றிப்பார்க்கவும் மருத்துவர்களால் முடியும். அதற்கு முன்னால், "இரத்தம் பட்டால் உங்கள் வீட்டில் என்னவாகும்?" என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.