4கே டிஸ்க் வாங்கியும் சாம்பல் நிற விண்வெளி

பெங்களூரு அபார்ட்மெண்ட்ல ஸ்பேஸ் படம் பார்க்கிறதே ஒரு தண்டனை. 4கே டிஸ்க் இருக்கும், பெரிய டிவி இருக்கும். விண்வெளி மட்டும் கறுப்பா இருக்காது. பல டிவியில அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்குன்னு தனியா ‘என்ஹான்ஸ்டு’ மோடை ஆன் பண்ணாத வரைக்கும் எச்டிஆர் (இருட்டையும் வெளிச்சத்தையும் நல்லா பிரிச்சுக் காட்டற வசதி) சரியா வராது. அதை ஏழு மலை தாண்டி மெனுவுக்குள்ள எந்த மகராசன் ஒளிச்சு வெச்சானோ! அசைவை வழவழப்பாக்கற மோஷன் ஸ்மூத்திங் மட்டும் கேட்காமலே ஆன்ல இருக்கும். செகண்டுக்கு 24 ஃபிரேம்ல எடுத்த படம் மெகா சீரியல் மாதிரி வழுக்கும். பழைய படத்துல டிஸ்க் போடறவங்களே ஃபிலிமோட இயல்பான பொடிப்புள்ளியான கிரெய்னைச் சுரண்டி எடுத்திருந்தா, எந்த செட்டிங்கும் உதவாது. மூஞ்சி மெழுகுதான்.

சத்தம் இன்னும் மோசம். டிவியிலேருந்து சவுண்ட்பாருக்கு ஆப்டிகல் வயர் போட்டா டிஸ்க்ல இருக்கிற ட்ரூஎச்டி அட்மாஸ் (தலைக்கு மேலேருந்தும் சத்தம் வர்ற மாதிரியான உயர்தர ஒலி) போகவே போகாது. கிடைக்கிறது சாதா டால்பி 5.1. டிவி, பார் ரெண்டுலயும் இஆர்க் (அந்த ஒலியை டிவியிலேருந்து பாருக்கு முழுசா அனுப்பற எச்டிஎம்ஐ வசதி) வேணும், பிளேயர்ல பிட்ஸ்ட்ரீம் (ஒலியை அப்படியே மாத்தாம அனுப்பறது) வைக்கணும், கூடுதல் ஒலியைக் கலக்கற செகண்டரி ஆடியோவை அணைக்கணும். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினா 18 ஜிபிபிஎஸ் தாங்குமான்னு கேளுங்க; தாங்கலேன்னா திரை நடுநடுவே இருண்டு போகும். இவ்வளவும் செஞ்சாலும் வசனம் முணுமுணுப்பு, ராக்கெட் கிளம்பினா கீழ்வீட்டு அங்கிள் காலிங்பெல். வசனம் வர்ற சென்டர் சேனலை 2, 3 டெசிபல் ஏத்திப் பாருங்க. பெரிய சத்தத்தை அமுக்கற நைட் மோடு போட்டா அவர் தூங்குவார், ஆனா ராக்கெட் புஸ்வாணம் ஆயிடும்.